ட்ரோனுக்குக் கட்டிய எலுமிச்சம்பழம்

எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகும் கம்பெனி வண்டியில் எனக்கு முன் சீட்டில் இரண்டு நண்பர்கள். ஒருவர் ஆஸ்திரேலியா போய்விட்டு வந்திருக்கிறார் என்பது ஈஜிபுராவைத் தாண்டுவதற்குள் வண்டி முழுக்கத் தெரிந்துவிட்டது.

“ஏர்போர்ட்ல கஸ்டம்ஸ்காரன் ட்ரோனை விட்டுட்டான் மச்சி, எலுமிச்சம்பழத்தைப் புடிச்சுட்டான்.”

“அதை ஏன்டா கொண்டு போன?”

“நானா கொண்டு போனேன்? புது வண்டிக்குக் கட்டற மாதிரி என் பொண்டாட்டி ட்ரோனுக்குப் பழமும் மொளகாயும் கட்டி, பொட்டு வச்சு அனுப்பிட்டா. நான் அந்த ஊரு ரூல்ஸ் எல்லாம் படிச்சு, பில்லு, பேட்டரி விவரம்னு ஒரு ஃபைலே போட்டு எடுத்துட்டுப் போறேன். கஸ்டம்ஸ் ஆளு ஃபைலைத் தொடவே இல்ல. பழத்தை ஏன் ஃபார்ம்ல எழுதலன்னு கேக்கறான்.”

“என்ன சொன்ன?”

“இது சாப்பிடறதுக்கு இல்ல சார், திருஷ்டிக்குன்னேன். கிளவுஸ் மாட்டிக்கிட்டு, கவர்ல போட்டு எடுத்துட்டுப் போயிட்டான்.”

“சரி விடு, ட்ரோன் தப்பிச்சுதுல்ல?”

“மறுநாளே பீச்ல பறக்கவிட்டேன். நேராக் கடலுக்குள்ள போயிடுச்சு.”

சிக்னல் விழுந்து வண்டி நகர்ந்தது.

“வீட்ல செம திட்டா?”

“ட்ரோனைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலடா. பழத்தை ஏன் கழட்டிக் குடுத்தீங்கன்னுதான் இன்னும் கேட்டுட்டே இருக்கா.”