கூடுதலாக மூன்று நிமிடம்

எனக்கு நீல நிறம் பிடிக்காது. இந்த அறைச் சுவருக்கு நீங்கள் அடித்திருக்கும் பெயிண்டைக் குறை சொல்லவில்லை மேடம், நாற்காலியை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்கிறேன்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். முதல் என்றால் சாயம்தான். மார்பகக் கட்டியிலிருந்து எடுத்த சதைத்துணுக்கு எங்கள் ஆய்வகத்துக்கு வரும். அதை மெழுகில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயத்தில் இறக்குவேன். அந்தப் புற்றில் ஒரு குறிப்பிட்ட புரதம் நிறைய இருந்தால் தகடு பழுப்பாகும். இல்லையென்றால் நீலமாகவே கிடக்கும். பழுப்புக்கென்று ஒரு மருந்து இருக்கிறது, நன்றாகக் கேட்கும். நீலக்காரர்களுக்கு அதைக் கொடுப்பதும் பச்சைத் தண்ணீரைக் கொடுப்பதும் ஒன்றுதான். அவர்களுக்கு வேறு மருந்து. சாயத்தில் ஐந்து நிமிடம், மணி அடித்ததும் வெளியே எடுக்க வேண்டும்; கூட விட்டால் நீலத் தகடும் பழுப்பாகிவிடும். பதினாறு வருடம் இதைச் செய்தேன். கை சுத்தமான ஆள் என்று பெயர்.

ரிப்போர்ட் கொடுக்கும் ஜன்னல் என் மேஜைக்கு நாலடி தூரத்தில் இருந்தது. அது மாடியில் இருந்திருந்தால் நாம் சந்தித்திருக்கவே மாட்டோம். பழுப்பு வந்தவர்கள் அங்கேயே நின்று வீட்டுக்குப் போன் போடுவார்கள். நீலம் வந்தவர்கள் காகிதத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள், பின்பக்கத்தில் ஏதாவது நல்லதாக எழுதியிருக்குமோ என்று. எனக்கு இளகிய மனசு. மத்தியானச் சாப்பாடு தொண்டையில் இறங்காது.

ஒருநாள் தையற்கார அம்மா ஒருவர் வந்தார். என் வெள்ளைக் கோட்டில் பொத்தான் தொங்குவதைப் பார்த்து, பையிலிருந்து ஊசிநூல் எடுத்து, நான் போட்டிருக்கும்போதே தைத்துவிட்டார்.

"அந்தப் புது மருந்து நல்ல மருந்தாமே தம்பி. எனக்குக் கிடைக்குமா?"

"பாக்கலாம்மா."

அவருடைய தகடு சாயத்தில் கிடந்தபோது மணி அடித்தது. நான் எடுக்கவில்லை. இன்னும் மூன்று நிமிடம் விட்டேன். கேட்டுப் பெறுகிற நிறம் இல்லைதான், ஆனாலும் பழுப்பு வந்தது. எங்கள் டாக்டர், நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடியை மேஜையெல்லாம் தேடுகிறவர், நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு மூன்று மதிப்பெண் போட்டார். மூன்றுதான் முழு மதிப்பெண்.

டாக்டரை ஏமாளி என்று எழுதிவிடாதீர்கள். தினமும் நோயாளிகளின் தகடுகளோடு இரண்டு சோதனைத் தகடுகளும் இறங்கும். ஒன்று பழுப்பாகியே தீர வேண்டும், மற்றது நீலமாகவே இருக்க வேண்டும். அதில் பிசகினால் அன்றைய வேலை முழுக்கக் குப்பைக்குப் போகும். ஆகவே அந்த இரண்டை மட்டும் ஐந்தாவது நிமிடமே எடுத்து வைத்துவிடுவேன். டாக்டர் அவற்றைத்தான் முதலில் பார்ப்பார். "உன் சாயம் பிசகவே பிசகாதுப்பா" என்பார். எனக்குப் பெருமையாக இருக்கும், மறைப்பானேன்.

அப்புறம் ஜன்னல் பக்கம் களைகட்டிவிட்டது. சாக்லேட் கொடுத்தார்கள். எனக்கு நன்றாகப் பசித்தது, இடுப்பில் இரண்டு அங்குலம் ஏறியது. எல்லாத் தகடும் பழுப்பானால் சந்தேகம் வரும் என்பதால் சிலரை விட்டுவிடுவேன். ஜன்னலில் வந்து எரிந்து விழுகிறவர்களுக்கு ஐந்து நிமிடத்தோடு சரி. அவர்களில் முக்கால்வாசிப் பேர் இன்றைக்கும் திடமாக நடமாடுகிறார்கள் என்று உங்கள் பட்டியலில் பார்த்தேன். நல்லவர்களுக்குக் காலம் இல்லை மேடம்.

தையற்கார அம்மா எட்டு மாதம் அந்த மருந்தை ஏற்றிக்கொண்டார். கடைசியாக வந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ரிப்போர்ட்டு சரியாத்தானே இருந்துச்சு தம்பி?"

"சரியாத்தாம்மா இருந்துச்சு."

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. வேறு மருந்து அவருக்குக் கேட்டிருக்கும் என்று உங்கள் நிபுணர் எழுதியிருக்கிறார். இருக்கலாம். எட்டு மாதம் அவர் நிம்மதியாகத் தூங்கினாரே, அதையும் எழுதச் சொல்லுங்கள்.

பத்துப் பேரில் இரண்டு பேருக்கு வர வேண்டிய பழுப்பு எங்களிடம் ஏழு பேருக்கு வந்ததால் மாட்டிக்கொண்டேன். பழைய மெழுகுக் கட்டிகளை வேறு ஆய்வகத்தில் சீவிப் பார்த்தீர்கள். நூற்று முப்பத்தேழு பேருக்கு நிறம் மாறியது. அதில் அறுபத்தொரு பேர் இப்போது இல்லை என்கிறீர்கள். எண்ணிக்கையில் நான் தகராறு செய்யப்போவதில்லை. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது என் அக்காவின் தகடு பற்றி. அவள் யாரிடமும் எரிந்து விழுகிறவள் இல்லை. அன்றைக்குப் புதிதாகச் சாயம் கரைத்தேன். கடிகாரம் ஒன்றுக்கு இரண்டாக வைத்தேன், பக்கத்திலிருந்து நகரவில்லை. ஐந்தாவது நிமிடம் எடுத்தேன். சுத்தமான நீலம். காகிதத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து அழுதாள். நானும் அழுதேன். வேறு மருந்து கொடுத்தார்கள். இரண்டு வருடம் ஆகிறது, கட்டி இருந்த இடம் தெரியவில்லை. நேற்றுகூட எனக்கு மாற்றுச் சட்டை கொண்டுவந்தாள். நீலச் சட்டை. அவள் கொடுத்தாளே என்று போட்டிருக்கிறேன்.

ஊருக்கெல்லாம் எட்டு நிமிடம், அக்காவுக்கு மட்டும் ஏன் ஐந்து என்கிறீர்கள். என்ன கேள்வி மேடம் இது. அவள் என் கூடப்பிறந்தவள். அவள் உயிரோடு விளையாட எனக்கு எப்படி மனசு வரும்.