மின்கசிவு அல்ல

இப்போதெல்லாம் என் சட்டைகளுக்கு நானே இஸ்திரி போட்டுக்கொள்கிறேன். கை பழகிவிட்டது, காலர் மட்டும் இன்னும் வழிக்கு வரவில்லை. முன்பு பல்கலைக்கழகத்தின் பின்வாசலுக்கு எதிரே இருந்த சலவைக்கூடத்தில் கொடுத்துவந்தேன். அங்கேதான் தீப்பிடித்தது. அதைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன், இன்ஸ்பெக்டர். உங்கள் அறிக்கையில் ஒரு சொல் தவறாக இருக்கிறது.

நான் பி.பி.ஏ. மாணவர்களுக்கு மேலாண்மை நடத்துகிறேன். பாதிப் பேர் வேறு எந்தப் படிப்பிலும் இடம் கிடைக்காமல் வந்தவர்கள். மீதிப் பேரை அப்பாக்கள் பிடித்துத் தள்ளிவிட்டிருப்பார்கள். வெறும் புத்தகத்தை வைத்துக்கொண்டு அவர்களைக் கட்டி மேய்க்க முடியாது. அதனால் முதல் வருடமே ஏதாவது ஒரு தொழிற்கூடத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டி, அதன் எதிர்காலத்தைச் சொல்வேன். இந்த வகுப்புக்கு அந்தச் சலவைக்கூடம் அமைந்தது.

ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளும் துண்டுகளும் அங்கே குவிந்து கிடக்கும். முதலாளி ஒரு அம்மாள். முழங்கை வரை எப்போதும் ஈரம். அவருடைய தம்பி அந்தக் குவியலின் மேலேயே சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். வேலையாட்கள் அவருக்கு 'படுக்கை மேனேஜர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். வகுப்புக்குத் திரும்பியதும் பலகையில் காரணங்களை எழுதினேன். வேலைக்கு எல்லாம் சொந்தபந்தம், கணக்கெல்லாம் வாய்க்கணக்கு, நம்பியிருப்பது இரண்டே ஓட்டல்களை. நீங்கள் பட்டம் வாங்குவதற்குள் இதை மூடிவிடுவார்கள் என்றேன். நடுவரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.

"சார், அது எங்க அம்மாவோட கடை."

"அப்ப நீதாம்மா எல்லாரையும் விட நல்லா கவனிக்கணும்" என்றேன். வகுப்பே சிரித்தது. அவளும் மரியாதைக்குச் சிரித்துவிட்டு உட்கார்ந்தாள்.

கடை மூடவில்லை. இரண்டாம் வருடம் இன்னொரு ஓட்டலும் வந்து சேர்ந்தது. துணி உலர்த்தப் புது இயந்திரங்கள் வாங்கிப் போட்டார்கள். பிள்ளைகள் என்னை ஜோசியர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒருவன் வராந்தாவில் என் முன்னால் உள்ளங்கையை நீட்டி, "சார், என் அரியர் எப்ப கிளியர் ஆகும், கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றான். கூட வேலை பார்ப்பவர்களும் என் காதுபடவே சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. அந்தச் சமயத்தில் என் பாடப்புத்தகம் வேறு அச்சுக்குப் போக இருந்தது. அந்தச் சலவைக்கூடம் எப்படி அழிந்தது என்பதற்கு அதில் ஒரு அத்தியாயமே ஒதுக்கியிருந்தேன். கடைசிப் பத்தி மட்டும்தான் பாக்கி.

மூன்றாம் வருடம் மாணவர்கள் ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு நிறுவனத்துக்கு ஆலோசனை சொல்ல வேண்டும். அந்தப் பெண் அம்மாவின் கடையையே எடுத்துக்கொண்டாள். நான்தான் வழிகாட்டி. ஓட்டல்காரர்கள் கூலியைக் குறைக்கச் சொல்லி நெருக்குகிறார்கள், எந்தச் செலவில் கைவைப்பது என்று அம்மாவுக்குப் புரியவில்லை என்றாள். நானே நேரில் போனேன். ஒவ்வொருவரிடமும் அவரவர் வேலையைப் பொறுமையாகக் கேட்டேன். தம்பிக்காரர் கொட்டாவி விட்டபடி எழுந்து, இயந்திரங்களுக்குப் பின்னால் என்னைக் கூட்டிப்போனார். துணி காயும்போது பிரியும் பஞ்சு சூடான காற்றோடு போய்க் குழாயில் அடைத்துக்கொள்ளும். தினமும் கடை சாத்துவதற்கு முன் அவர் தவழ்ந்து உள்ளே போய் அதை வழித்தெடுப்பார். எடுத்த பஞ்சு ஒரு கோணி நிறைய இருந்தது.

"இதான் சார் நம்ம உத்தியோகம். கொஞ்ச நாள் நான் வரலேன்னு வைங்க, மொத்தமும் பத்திக்கும். அக்காவுக்குத் துணி தெரியும், மெஷின் தெரியாது. நான் சும்மா படுத்துக்கிடக்கறேன்னு திட்டும்."

"வேற யாருக்குத் தெரியும்?"

"எம் மருமக, அக்கா பொண்ணு, பாத்திருக்கா. வேற யாருக்கு சார் இதெல்லாம் வேணும்?"

மறுநாள் அந்தப் பெண்ணை என் அறைக்கு வரச்சொன்னேன். முதல் சிக்கனம் உன் மாமாதான் என்றேன். அவள் முகம் வாடியது.

"மாமாவையா சார்? அம்மா ஒத்துக்க மாட்டாங்க."

"தூங்கறவருக்குச் சம்பளம் குடுக்கறதுக்குப் பேர் பாசம்மா. நிர்வாகம் இல்ல."

"அப்ப அந்தப் பஞ்ச யாரு சார் எடுப்பாங்க?" என்று கேட்டாள். கேட்டாள் என்பதை நான் மறுக்கவில்லை, இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். புது இயந்திரங்களில் வடிகட்டி இருக்கிறது, அதுவே பார்த்துக்கொள்ளும், மாமா வேலை செய்வதுபோல் பாவனை காட்டுகிறார் என்றேன். வடிகட்டி பாதிப் பஞ்சைத்தான் பிடிக்கும். இயந்திரத்தை விற்றவர்களுக்குப் போன் போட்டு அதை முன்கூட்டியே கேட்டுவைத்திருந்தேன். எதையும் விசாரிக்காமல் ஆலோசனை சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

அம்மாவிடம் பேசிச் சம்மதிக்க வைத்தது அவள்தான். அந்த அம்மாள் அழுதாராம். தம்பிக்காரர் மல்லுக்கு நிற்கவில்லை. "படிச்ச புள்ள சொல்லுது, சரியாத்தான் இருக்கும்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாராம். அவளுக்கு வகுப்பிலேயே அதிக மதிப்பெண் போட்டேன். அதில் வஞ்சனை வைக்கவில்லை.

நான் எதிர்பார்த்ததைவிட நாளாயிற்று. தீப்பிடித்த அன்று சாயங்காலம் பின்வாசலில் நின்றிருந்தேன். புகை தெரிந்ததும் வேலையாட்கள் ஓடிவந்து தெருவில் நின்றார்கள், அந்த அம்மாளும் வந்துவிட்டார். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்போதுதான் தம்பிக்காரர் எதிர் டீக்கடையிலிருந்து எழுந்து, பக்கத்துச் சந்து வழியாக உள்ளே ஓடினார். குழாய்க்குள் தவழ்ந்து போய்ப் பழகியவர் அவர் மட்டும்தானே. நான் கூப்பிட்டிருந்தால் காதில் விழுந்திருக்கும், அவ்வளவு கிட்டத்தில்தான் நின்றிருந்தேன். கூப்பிடவில்லை.

மின்கசிவால் தீ, உள்ளே தூங்கிக்கொண்டிருந்தவர் பலி என்று எழுதியிருக்கிறீர்கள். தூங்கினார் என்பதைத் திருத்துவதும் திருத்தாததும் உங்கள் பாடு. மின்கசிவு என்பதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. மின்கசிவு என்றால் விபத்து. விபத்தில் மூடிய கடையை வைத்து யாருக்கு என்ன பாடம் நடத்துவது? குருட்டாம்போக்கில் சொன்னது பலித்துவிட்டது என்பார்கள். அது ஒரு தவறான நிர்வாக முடிவு. அந்த முடிவைத் தெரிந்தேதான் எடுக்கவைத்தேன்.

அந்த அம்மாள் இப்போது யாரோடும் பேசுவதில்லையாம். பெண் படிப்பை நிறுத்திவிட்டாள். நேற்று என் அறைக்கு வந்தாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள்.

"ஒயரிங்தானே சார்? போலீஸ்ல அப்படித்தான் சொல்றாங்க. நான் சொல்லி மாமாவ நிறுத்துனதால இல்லல்ல?"

ஒயரிங்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், போய்த் தூங்கியிருப்பாள். ஆனால் தவறான விடையோடு எந்தப் பிள்ளையையும் நான் வீட்டுக்கு அனுப்பியதில்லை. பஞ்சுதான் காரணம் என்றேன். வடிகட்டி பாதியைத்தான் பிடிக்கும் என்பதையும் விளக்கினேன். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இது உங்களுக்கு அப்பவே தெரியுமா சார்?"

படிக்க வந்த நாளிலிருந்து அவள் கேட்ட கேள்விகளிலேயே அதுதான் சரியான கேள்வி. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"தெரியும்மா. கடை மூடிடும்னு மொத வருஷமே சொன்னேனே" என்றேன்.