பெகிமாயின் பெயரில்

குழந்தைகள் என்றால் எனக்குக் கொள்ளைப் பிரியம். பெகிமாய் பிரசவ விடுப்பில் போனபோது முதலில் சந்தோஷப்பட்டவன் நான்தான்.

எங்கள் பிஷ்கெக் அலுவலகத்தில் மருத்துவமனைக் கருவிகளுக்குக் கெர்னல், அதாவது அவற்றை உள்ளிருந்து ஆளும் அடிப்படை மென்பொருள், எழுதுகிறோம். அதன் பாதுகாப்புப் பிரிவுக்கு அவள் தலைவி. அவள் திரும்பும்வரை பொறுப்பை என்னிடம் தந்தார்கள், கூடவே ரூட் அதிகாரத்தையும். ரூட் கையில் இருந்தால் இயந்திரத்துக்குள் யாராகவும் மாறிக்கொள்ளலாம்.

கெர்னலுக்குள் ஓர் ஒழுங்கு உண்டு. சாதாரண நிரலுக்கு ஏதாவது பெரிய வேலை ஆக வேண்டுமென்றால், ரூட்டின் அடையாளத்தைக் கொஞ்ச நேரம் இரவல் கொடுக்கும். வேலை முடிந்தாலும் சரி, பாதியில் முறிந்தாலும் சரி, உடனே திரும்ப வாங்கிவிட வேண்டும். முறிந்தால் வாங்குகிற அந்த ஒரு வரியைத்தான் நீக்கினேன். பெகிமாயாக மாறிக்கொண்டு, அவள் பெயரில். அதன்பின் தோற்றுப்போன நிரலெல்லாம் ராஜாவாக வெளியே வந்தது.

அவள் மறுவாரம் வேலைக்குத் திரும்புவதாக இருந்தது. கைக்குழந்தையோடு என்ன பாடுபடுவாள் என்று எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு தப்பு வெளியே வந்தால் மேலிடமே அவளை வீட்டில் இருக்கச் சொல்லிவிடும். ஓட்டையை நானே கண்டுபிடித்து நானே அடைப்பதாகத்தான் திட்டம்.

அதற்குள் எனக்குக் கடும் ஜலதோஷம். நான் படுத்திருந்தபோது அந்தக் கெர்னல் மருத்துவமனைக்குப் போய்விட்டது. எவனோ ஒரு விஷமி ஓட்டை வழியாகப் புகுந்து விளையாடியதில், குறைமாதக் குழந்தைகளின் இன்குபேட்டர்கள் கொஞ்ச நேரம் குளிர்ந்தன. செவிலியர்கள் குழந்தைகளை மார்போடு அணைத்துச் சமாளித்தார்கள். யாரும் சாகவில்லை. இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

அலுவலகக் கூட்டத்தில் வரியை நீக்கிய தேதியைக் காட்டி அவளைக் கேட்டார்கள். அவள் என்னைத்தான் பார்த்தாள்.

“அன்னிக்கு என் பிள்ளைக்குத் தொட்டில் விருந்து, குபாத் அண்ணே. ஆபீஸே எங்க வீட்லதான் இருந்துச்சு. நீங்க மட்டும் வயிறு சரியில்லைன்னு பாதியில கிளம்பிட்டீங்க. எண்ணெயில பொரிச்ச போர்சோக் ரொட்டி மட்டும் பை நிறைய எடுத்துக்கிட்டீங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

ஆமாம், நான்தான். அவள் பிள்ளையின் தொட்டிலை ஆட்டிவிட்டு நேராக அலுவலகம் வந்து செய்தேன். அவள் நல்லதுக்குத்தான். உங்கள் விசாரணைக்கு மேற்கொண்டு ஏதாவது தெரிய வேண்டுமானால் அவளைத் தொந்தரவு செய்யாதீர்கள், பச்சை உடம்புக்காரி. கேள்விகளை எனக்கு அனுப்புங்கள். அவள் பெயரிலேயே பதில் போட்டுவிடுகிறேன்.