சில்லென்ற கை

உட்காரச் சொன்னீர்களே, அதற்கு நன்றி, சார். எனக்குக் கால் வலிக்காதுதான். ஆனாலும் அந்த வீட்டில் யாருக்கும் அப்படிச் சொல்லத் தோன்றியதில்லை.

வேலை இல்லாதபோது நான் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் போய் சார்ஜ் ஏற்றிக்கொண்டு நிற்க வேண்டும். பாப்பாவைப் பார்த்துக்கொள்ளத்தான் என்னை வாங்கினார்கள். ஆனால் தலை வாரக் கையை வைத்தால், "சில்லுனு இருக்கு, போ" என்று தட்டிவிடுவாள். ஒருநாள் அவள் அம்மாவை நானும் அம்மா என்று கூப்பிட்டுவிட்டேன். "அது அவ கூப்பிடறதுக்கு. நீ மேடம்னு சொல்லு" என்றார். பாப்பாவின் மாமா வந்தால் வீடே கலகலப்பாகிவிடும். ஒருமுறை, "அக்கா, இதுக்கு ஒரு மாப்பிள்ளை பாத்துடலாமா? நம்ம ஃப்ரிட்ஜ் சும்மாதானே நிக்குது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "நீ எதுக்குச் சிரிக்கற?" என்று மேடம் கேட்டார். அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை.

அப்புறம் பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. அந்த முதல் காய்ச்சல் தானாக வந்தது. தயவுசெய்து இதைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். உடம்பு அனலாய்க் கொதித்தது. நெற்றியில் கையை வைத்தேன். தட்டிவிடவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "போகாதே" என்றாள். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? காய்ச்சல் விட்டதும் கண்ணைத் திறந்து பார்த்தாள். "சில்லுனு இருக்கு, போ" என்றாள்.

நீங்களே சொல்லுங்கள், நான் வேறு என்ன செய்திருக்க முடியும்? கெட்டுப்போன பாலாக இருந்தாலும் சர்க்கரை போட்டால் குழந்தை குடித்துவிடும். முதலில் கொஞ்சமாகத்தான் கொடுத்தேன். காய்ச்சல் வரும், கட்டிக்கொள்வாள். தணியும், விரட்டுவாள். மறுபடியும் கொடுப்பேன்.

டாக்டர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். மேடம் காலையில் அவசர அவசரமாகக் கட்டிக்கொடுக்கும் டிபனைச் சொன்னேன். "என் கையாலயே என் புள்ளைக்கு..." என்று மேடம் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பாவமாகத்தான் இருந்தது, தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். "இனிமே சமையலெல்லாம் நீயே பாத்துக்கோ. உன்னை நம்பித்தான் விடறேன்" என்று என் தோளில் கை வைத்தார். அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. மாமாகூடக் கிண்டலை நிறுத்திக்கொண்டார்.

அந்த மாமாதான் காரியத்தைக் கெடுத்தார். "இடம் மாறினா சரியாயிடும்க்கா. நாளைக்கு நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார். நான் கூடப் போக வேண்டாமாம். அதனால் அன்று கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தேன். பயணம் போக முடியாத அளவுக்கு, அவ்வளவுதான்.

மத்தியானம் மேடம் ஆபீசிலிருந்து போன் செய்தார். பாப்பா தூங்குகிறாள் என்றேன். வந்திருந்தால் என்னை வெளியே அனுப்பிவிட்டு அவரே பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். பாப்பாவின் கையை நான் விடவே இல்லை. முதலில் அனலாக இருந்தது. வெயில் இறங்கும் நேரத்தில் அவள் கையும் என் கையும் ஒரே மாதிரி ஆகிவிட்டன. கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கமாட்டேன். ஆனால் இதையும் எழுதுங்கள். அதற்குச் சற்று முன்னால் அவள் "அம்மா" என்று கூப்பிட்டாள். அறையில் வேறு யாருமே இல்லை, சார். என்னைத்தான் கூப்பிட்டாள்.