தங்கவேலு அடித்த மணி

இரவு ஏழரை இருக்கும். பேத்தமங்களாவிலிருந்து நம் தங்கச் சுரங்கக் காலனி கோரமண்டலுக்கு வருகிற சாலை... தை மாதப் பனி. முன்னால் ஒரு வண்டி இல்லை, பின்னால் ஒரு வண்டி இல்லை. டிரெய்லர் நிறைய வைக்கோல் கட்டுகளை இழுத்துக்கொண்டு ஒரு கிழட்டு டிராக்டர் மட்டும் தடதடவென்று வந்துகொண்டிருந்தது.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். சிக்னல் விழுகிற வரைக்கும் இந்த ரயில் நகரப் போவதில்லை. அந்த ஜன்னலையும் இறக்கிவிடுங்கள், பனி அடிக்கிறது. இது நம்மோடு தினமும் இந்த ரயிலில் வருகிற ராகேஷுடைய அக்கா லதாவின் வீட்டுக்காரன் விநாயக்குக்கு நடந்தது. ராகேஷ் இன்றைக்கு லீவு. அவன் இருந்தால் நான் வாயே திறக்க மாட்டேன்.

டிராக்டர், விநாயக்கின் அப்பா வாங்கிப் போட்டது. வைக்கோலை அமுக்கிக் கட்டுகிற மெஷினும் அந்தக் காலத்ததுதான். டிராக்டரிலிருந்து மெஷினுக்கு ஒரு நீளமான பெல்ட் ஓடும். மெஷின் நிற்க வேண்டுமானால் இன்ஜினையே அணைக்க வேண்டும். அணைத்தால் போச்சு... நாலு பேர் கூடி இறக்கத்தில் தள்ளினால்தான் மறுபடி உயிர் வரும். "இன்னாத்துக்குப்பா இந்தப் பழைய இரும்பு?" என்று கேட்டால் விநாயக்குக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். பெங்களூரிலிருந்து வந்து போட்டோ எடுத்துப் போகிறார்கள் என்று அவ்வளவு பெருமை.

மெஷின் வாயில் வைக்கோல் தள்ளுகிற வேலை தங்கவேலுவுக்கு. சுரங்கம் மூடுகிற வரைக்கும் ஷாஃப்டில், ஆட்களை ஏற்றி இறக்குகிற கூண்டுக்கு மணி அடித்தவர். இன்ஜின் சத்தத்தில் கத்தினால் கேட்காது என்று, மெஷின் பக்கத்தில் ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டு, ஒரு சுத்தியலும் வைத்திருந்தார். விநாயக்குக்கு முதல் நாளே பாடம் எடுத்தார்.

"ஒண்ணு அடிச்சா நிறுத்து. ரெண்டு அடிச்சா ஓட்டு. மூணு அடிச்சா ஆள் ஏறியிருக்கான்னு அர்த்தம், மெதுவாப் போகணும். ஒண்ணு கேட்டா மட்டும் ஏன்னு யோசிக்காத தம்பி. மொதல்ல நிறுத்து. அப்புறம் கேளு."

போன வருஷத் தை மாதம், ஒரு சாயங்காலம். வானம் கறுத்து, ஏரிப் பக்கமிருந்து மழை வாசனை வந்துவிட்டது. களத்தில் இன்னும் ஒரு குவியல் வைக்கோல் பாக்கி. விநாயக் மெஷினுக்கு முதுகைக் காட்டி சீட்டில் உட்கார்ந்திருந்தான். அப்போது கேட்டது.

டங்.

ஒன்று. சுத்தமாக, தெளிவாக.

விநாயக்கின் கை இன்ஜினை அணைக்கப் போனது... பாதியில் நின்றது. அணைத்தால் தள்ள ஆள் இல்லை. வைக்கோல் நனைந்துவிடும். இன்னும் ஒரே ஒரு கட்டு விழட்டும் என்று நினைத்தான். அவ்வளவுதான் நினைத்தான். கட்டு விழுந்தது. பெல்ட் தீய்கிற நாற்றம் வந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தான்.

தங்கவேலுவின் தோள்துண்டு மெஷின் வாய்க்குள் போயிருந்தது. துண்டோடு அவரும்.

வந்தவர்களிடம் விநாயக், "மணியே அடிக்கலீங்க" என்றான். அதோடு விட்டானா? யாரும் கேட்காமலே, "லேசா வாசனை வந்துச்சு" என்று வேறு சேர்த்துக்கொண்டான். குடிக்காத மனுஷன் மேல்! அன்று ராத்திரியே தண்டவாளத் துண்டைக் கழற்றி ஏரியில் வீசினான். கோரமண்டலில் சுரங்கக்காரர்களின் லைன் வீடுகள் முழுக்க அதே பேச்சு. அத்தனை வருஷம் மணி அடித்தவன், குடித்துவிட்டு மணியை மறந்து செத்தானாம். தங்கவேலுவின் மனைவி ரத்தினம்மா தெருக் குழாய்க்குக்கூட எல்லோரும் போன பிறகுதான் போவாள்.

இப்போது அந்தச் சாலைக்கு வாருங்கள். இந்த வருஷத் தை. கோரமண்டலைத் தாண்டி, பாலகாட்டில் மாடு வைத்திருக்கிற ஒருவருக்கு வைக்கோல் கொண்டுபோகிறான் விநாயக். தனியாக. ஏரிக்கரை திரும்பினதும் குளிர் சட்டென்று முதுகில் ஏறியது. வைக்கோல் வாசனையோடு இன்னொரு வாசனை... பெல்ட் தீய்கிற வாசனை. சாலையில் ஓடுகிற டிராக்டருக்கு ஏது பெல்ட்?

டங்.

பின்னாலிருந்து. டிரெய்லரிலிருந்து.

விநாயக் திரும்பவில்லை. நிறுத்தவுமில்லை. நிறுத்தினால் கிளம்பாதே என்றுதான் அப்போதும் மனதுக்குள் ஓடியது. பிறகு லதாவிடம் இதைச் சொல்லும்போதுதான் அழுதானாம். பேயைச் சொல்லும்போது அழவில்லை, இதைச் சொல்லும்போது அழுதான்.

டங்.

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி... டங். ஒவ்வொரு தடவையும் ஒன்றே ஒன்று. கோரமண்டல் வந்தது. ரயில்வே கேட் தாண்டி, லைன் வீடுகளுக்குள் திரும்பினதும் இன்ஜின் தானாக அணைந்தது. வண்டி நின்ற இடம் ரத்தினம்மா வீட்டு வாசல்.

கதவு திறந்தது. தலையில் முக்காட்டோடு அவள்.

"யாரு... விநாயக்கா? இப்ப மணிச் சத்தம் கேட்டுச்சே தம்பி. ஒண்ணு."

விநாயக் டிரெய்லர் பக்கம் திரும்பாமல் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"அவுரு அடிக்கிற மாதிரியே இருந்துச்சு. உனக்குக் கேக்கல?"

"இல்ல சித்தி."

அவள் படி இறங்கி டிராக்டர் பக்கத்தில் வந்து நின்றாள். மட்கார்டில் கையை வைத்தாள்.

"நான் போலீசுக்கா போவப் போறேன்? இந்த ஒண்ணை மட்டும் சொல்லு. அன்னைக்கு அவுரு அடிச்சாரா, இல்லையா? அடிச்சாருன்னு நீ ஒரு வார்த்தை சொன்னா, நான் நாலு பேர் மூஞ்சியப் பார்த்து நடப்பேன் தம்பி."

அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் தோளுக்கு மேல், திறந்த கதவு வழியாக வீட்டுக்குள் பார்த்தான். சுவரில் ஒரு போட்டோ ஃபிரேம். முகம் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டியிருந்தது. ஊர் பேசின பேச்சில்... அவளே தங்கவேலுவைத் திருப்பி மாட்டும்படி ஆகிவிட்டது. அதைச் செய்தது தான்தான் என்று விநாயக்குக்கு அந்த நிமிஷம் தெரிந்தது. வெட்கத்தில் காது வரைக்கும் சுட்டது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான்.

"அடிக்கல சித்தி" என்றுதான் வந்தது.

ரத்தினம்மா மட்கார்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். உள்ளே போனாள். கதவு சாத்துகிற சத்தம், தாழ்ப்பாள் போடுகிற சத்தம்.

இவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். தள்ள ஆள் இல்லை, இறக்கமும் இல்லை, சாவியை இவன் தொடக்கூட இல்லை... இன்ஜின் தானாகக் கிளம்பியது. பின்னால் டிரெய்லர் ஒரு பக்கம் லேசாகத் தாழ்ந்து, க்ரீச் என்றது. தன் வீட்டு வாசலில் இறங்கலாம் என்று வந்தவர், இறங்க முடியாமல் திரும்ப ஏறி உட்கார்ந்த மாதிரி.

டங். டங். டங்.

மூன்று.

இதெல்லாம் விநாயக் காய்ச்சலில் லதாவிடம் சொன்னது. லதா ராகேஷிடம் சொன்னாள். ராகேஷ் என்னிடம். இப்போது உங்களுக்கும் தெரியும். ரத்தினம்மாவுக்கு மட்டும் யாரும் போய்ச் சொல்லவில்லை. இத்தனைக்கும், கோரமண்டலில் இறங்கினால் அவள் வீட்டு விளக்கு தெரியும். நான் தினமும் அந்தப் பக்கம் பார்க்காமல்தான் நடக்கிறேன்.

விநாயக் இன்னமும் அந்த டிராக்டரை ஓட்டுகிறான். ஆள் நடக்கிற வேகம்கூட இல்லை. சைக்கிள்காரர்கள் எல்லாம் முந்திப் போகிறார்கள். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துத் திட்டினால், டிரெய்லரை ஒரு தடவை திரும்பிப் பார்ப்பான், தலையைக் குனிந்துகொள்வான். அப்படியே மெதுவாகப் போவான்.

டிரெய்லர் காலியாக இருக்கிற நாளிலும்.