மழைக்கோட்டு மாட்டிய கருவி

மட்டாஞ்சேரி படகுத்துறையில் எர்ணாகுளம் படகுக்கான வரிசை. எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும். படகு எப்போது வரும் என்று அவர் கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மா ஏலூர் கம்பெனி ஒன்றின் நீலச் சட்டையில் இருந்தாள்.

"தனக்குக் கண்ணு தெரியலன்னு அதுவே சொல்லிடும்ங்க," என்றாள் கணவரிடம்.

"எது?"

"கேஸ் கசிவைக் கண்டுபிடிக்கிற மெஷின். குழாய் ஓரமா இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. நடுவுல நம்ம கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ரெண்டு விதமா ஓடும். கேஸ் வந்தா அதுல ஒண்ணை மட்டும் குடிச்சிடும். உடனே சைரன்."

"ரெண்டுமே வரலன்னா?"

"அதுதான் அழகே! ஏதோ மறைக்குது, எனக்குத் தெரியலன்னு வேற விளக்குப் போடும். நேத்துப் போட்டுச்சு. போய்ப் பார்த்தா, ஒரு சேட்டன் நனைஞ்ச மழைக்கோட்டைக் காய அது மேல மாட்டியிருக்கார். எடுத்தேன். எடுத்ததுமே சைரன். நிஜமாவே ஒரு ஜாயிண்ட்ல கசிவு. ஓடிப்போய் வால்வை அடைச்சோம்."

"அம்மாடி!"

"ஒண்ணுமில்லன்னு அது சும்மா இருந்திருந்தா நான் இன்னிக்கு இங்க நிப்பேனா? நீங்க என்னிக்காவது தெரியலன்னு சொல்லியிருக்கீங்களா?"

அப்போது ஒருவர் ஓடிவந்து, இந்தப் படகு வைப்பினுக்குப் போகுமா என்று கணவரிடம் மலையாளத்தில் கேட்டார்: "சேட்டா, ஈ போட்டு வைப்பினில் போகுமோ?"

அவர் வாயைத் திறந்தார். மனைவியைப் பார்த்தார்.

"அறியில்ல," என்றார்.