பன்னிரண்டாம் அடிக்குறிப்பு

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, மருத்துவப் பெருமக்களே, லுணுகலையிலிருந்தும் ஹல்துமுல்லையிலிருந்தும் அரை நாள் வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்திருக்கும் என் உறவுகளே! கதவோரம் நின்று, யார் யார் வந்திருக்கிறார்கள் என்று தோட்டக் கம்பெனிக்காகப் போனில் படம் பிடித்துக்கொண்டிருக்கும் இரண்டு கனவான்களே, உங்களுக்கும் என் வணக்கம்! என் முகம் சரியாக விழவில்லையென்றால் சொல்லுங்கள், திரும்பி நிற்கிறேன்.

மருத்துவர் வடிவம்மா மறைந்துவிட்டார். மாரடைப்பு என்றார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. பார்த்த டாக்டரிடம் கேட்டேன், மாரடைப்புதான் என்றார். இன்னொருவரிடம் கேட்டேன், அவரும் அதையே சொன்னார். மூன்றாவது ஆளைத் தேடிக் கிளம்பியபோது என் மனைவி, "ஏங்க, செத்தவங்கள நிம்மதியா போக விடுங்க" என்று கதவை மறித்துவிட்டார். சரி, மாரடைப்பு என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் இந்தச் சந்தேகப் புத்தியை எனக்குத் தந்தது யார்? அந்த அம்மையார்தான்!

நம் பதுளை மருத்துவச் சஞ்சிகையின் ஆசிரியராக அவர் இருந்தார். நான், இந்தத் தர்மலிங்கம், துணை ஆசிரியர். கட்டுரையின் அடியில் ஆதாரமாக இணைய முகவரிகள் கொடுப்பார்கள் அல்லவா? எந்த ஆசிரியர் அவற்றைத் திறந்து பார்க்கிறார்? இவர் பார்த்தார்! ஒவ்வொன்றையும் பார்த்தார்! அச்சான பிறகும் விடவில்லை. பௌர்ணமிப் போயா தினத்தில் ஊரே விடுமுறையில் இருக்க, இவர் பழைய இதழ்களை எடுத்துவைத்துக்கொண்டு முகவரிகளைத் தட்டுவார். திறக்காவிட்டால், "தர்மலிங்கம், இதுவும் போச்சுங்க" என்று எனக்குப் போன் வரும், சொந்தத்தில் ஒரு சாவு விழுந்தது போல.

தன் கட்டுரையில் கொடுத்த முகவரி திறக்காதபோது கொழும்புப் பேராசிரியர் ஒருவர், "நேத்துக்கூட இருந்துச்சே டொக்டர்" என்றார். "நேத்து இருந்த காய்ச்சலுக்கு இன்னைக்கு மருந்து எழுதுவீங்களா?" என்று கேட்டு, அம்மையார் கட்டுரையைத் திருப்பி அனுப்பினார். பேராசிரியர் இன்று வரவில்லை. காரணம் எனக்குத் தெரியும்.

சிரித்தது போதும். முன்வரிசையில் அங்கம்மா உட்கார்ந்திருக்கிறார். அவர் மகன் ஜெயகுமார் ஏன் வரவில்லை? மூச்சு விட முடியவில்லை, அதனால் வரவில்லை! லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்தில் வெறும் கையோடு, வெறும் முகத்தோடு புல்லுக்குக் களைக்கொல்லி மருந்தடித்த பிள்ளை. அவனைப் போன்றவர்களைப் பரிசோதித்துத்தான் வடிவம்மா கட்டுரை எழுதினார். அதன் பன்னிரண்டாம் அடிக்குறிப்பில் தோட்டக் கம்பெனியின் சொந்த இணையப் பக்கத்தைக் காட்டினார். மருந்தடிக்கும் தொழிலாளிக்குக் கையுறையும் முகக்கவசமும் கம்பெனியே தரும் என்று அவர்களே எழுதிவைத்த பக்கம்!

கட்டுரை வெளிவந்தது. பக்கம் காணாமற்போனது. தற்செயலாம்! ஜெயகுமாருக்கான நட்டஈட்டு விசாரணையில் கம்பெனி வக்கீல் அந்த முகவரியைத் திறந்து காட்டினார்: "இந்தப் பக்கம் கிடைக்கவில்லை." அப்படி ஒரு வாக்குறுதியைக் கம்பெனி கொடுத்ததே இல்லை என்றார். அங்கம்மா வெளியே வந்து கேட்டார்: "டாக்டரம்மா, எழுதினத அழிச்சுப்புட்டா இல்லேன்னு ஆயிருமா?" வடிவம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆகாதுங்க. கம்பெனி கை எட்டாத இணையக் காப்பகம் ஒண்ணுல அந்தப் பக்கத்த முன்னாடியே பதிஞ்சு வச்சிருக்கேன். அடுத்த விசாரணைக்குக் கொண்டுவாறேன்" என்றார். அடுத்த விசாரணை வருகிற திங்கட்கிழமை. கொண்டுவருவதாகச் சொன்னவர் போய்விட்டார்.

எனக்கு முன் பேசிய கம்பெனியின் நலன்புரி அதிகாரி துஷாந்த் அவர்கள் என்ன சொன்னார்? அம்மையாரின் கணினியைத் தாங்களே பொறுப்பெடுத்து, அவர் பெயரில் இணையத்தளம் அமைத்து, எழுத்துகள் அனைத்தையும் காலமெல்லாம் பாதுகாப்பார்களாம்! நீங்களும் கைதட்டினீர்கள். என்ன திடீர்ப் பாசம் ஐயா இது! உயிரோடு இருந்தபோது தோட்டத்துக் கேட்டைக்கூட அவருக்குத் திறக்காதவர்கள் அல்லவா நீங்கள்? இணையத்தளம் உங்களுடையது என்றால், நாளைக்கு அதை அழிக்கிற கை யாருடையது?

கணினி வராது. நானும் எங்கள் நூலகர் ஸஜீதாவும் அதில் தேடி அந்தக் காப்பக முகவரியைக் கண்டுபிடித்துவிட்டோம். திறந்தோம். கம்பெனிச் சின்னத்தோடு, தேதியோடு, ஓர் எழுத்துக் குறையாமல் இருக்கிறது!

வடிவம்மா அவர்களே! உங்கள் கதிரையில் உட்கார எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் திங்கட்கிழமை அங்கம்மாவோடு நான் போவேன். போயாவுக்குப் போயா முகவரிகளைத் தட்டுவேன். இப்போது அழவேண்டும் போலிருக்கிறது. அதை வீட்டில் வைத்துக்கொள்கிறேன்.

அன்பர்களே, எதுவும் ஒருவர் கையில் மட்டும் இருப்பதை நான் நம்புவதில்லை. வாசலில் கையெழுத்து வாங்கியபோது போன் நம்பரும் கேட்டோமே, எதற்கென்று நினைத்தீர்கள்? ஸஜீதா, அனுப்பும்மா.

கேட்கிறதா? மண்டபமெங்கும் அடிக்கிறது! அங்கம்மா, உங்க மடியிலயும் அடிக்குது பாருங்க. மேடையிலும் ஒன்று அடிக்கிறதே! துஷாந்த் அவர்களே, தயங்காமல் எடுத்துப் பாருங்கள். உங்கள் கம்பெனியின் பக்கம்தான். கிடைத்துவிட்டது.